உப்பளத்தில் ரத்தக்காட்டேரி வாசித்த கதை

எழுநூற்று எண்பது பக்கம். படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சின் மேல் கைக்குழந்தை ஏறி உட்கார்ந்த கனம். கல்லூரி விடுதியில் மூன்று வாரம் என்னைத் தனியாகக் குளியலறைக்குப் போகவிடாமல் செய்த ரத்தக்காட்டேரி நாவல் அது. போன மாதம் வீடு மாறும்போது பழைய பெட்டியொன்றில் அகப்பட்டது. முப்பத்தோரு வருடம் கழித்து மறுபடி படித்தேன்.

பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டின் மலையூருக்கு ஒரு கடிகாரக்காரர் குடிவருகிறார். முதல் இருநூறு பக்கம் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கிறார். மீதிப் பக்கங்களில் ஊர்க்காரர்களின் கழுத்தைக் கடித்து ரத்தம் குடிக்கிறார். அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்காரர் 'வாருங்கள்' என்று அழைக்காமல் உள்ளே நுழைய முடியாது. மொழிபெயர்த்த புண்ணியவானுக்கு ஆச்சரியக்குறியின் மேல் தீராத காதல். பிணம்கூட ஆச்சரியக்குறியோடுதான் விழுகிறது. இருபது வயதில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படித்த அத்தியாயத்தில், ஐம்பத்தொரு வயதில் எனக்குத் தோன்றிய ஒரே கேள்வி, முந்நூறு வயதான மனிதர் மூட்டுவலி இல்லாமல் எப்படி தினமும் மணிக்கூண்டுப் படி ஏறுகிறார் என்பதுதான்.

இப்படிச் சிரித்துக்கொண்டே முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'வெள்ளைப் போர்வை. ரோஸ் சர்பத். ஏழு மணி கரண்ட் கட். ரூம் 14, செல்வி.' என் கையெழுத்து. அப்போதும் அழகாகத்தான் எழுதியிருக்கிறேன்.

கலைச்செல்வி எங்களுக்கு இரண்டு வருடம் இளையவள். மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண். எல்லோரையும் 'அக்கா' என்பாள், எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். அதனாலேயே அவளைத் தேர்ந்தெடுத்தோம். மின்சாரம் போன நேரத்தில் நாங்கள் நான்கு பேர் போர்வையைப் போர்த்தி, ரத்தத்துக்குப் பதில் வாயில் சர்பத்தைப் பூசிக்கொண்டு கதவைத் தட்டி, கடிகாரக்காரர் குரலில் 'உள்ளே வரலாமா?' என்று கேட்டோம். அவள் மரியாதையாக "வாங்கக்கா" என்றாள். போனோம். அவள் எங்களைத் தள்ளிக்கொண்டு ஓடி, மாடிப்படியில் உருண்டு, மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மறுநாள் அவளுடைய அப்பா வந்து அழைத்துப் போனார். அவள் திரும்பி வரவில்லை.

நான் கோவையில் ஒரு தனியார் பள்ளியின் துணை முதல்வர். பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைப்பது என் வேலையில் பாதி. செய்தது என்ன, ஏன் தவறு, இனி என்ன செய்வாய் என்று மூன்று பத்தியில் எழுதி வாங்குவேன். அப்படிப்பட்டவள் இந்தப் பக்கத்தைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியுமா? விடுமுறையில் நான்கு நாள் ஒதுக்கிக்கொண்டு மரக்காணத்துக்குக் கிளம்பினேன். கணவர் வழியனுப்பும்போது, "அந்தம்மா மறந்தே போயிருக்கும், நீ போய் ஞாபகப்படுத்தப் போறே" என்றார். எனக்கும் உள்ளூர அந்த நம்பிக்கைதான்.

ரயிலில் இறங்கிப் பேருந்து பிடித்த முதல் நாளே பயணம் கோணியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் ஏதோ பின்னால் யாரோ துரத்துவதுபோல ஓடுகின்றன. மரக்காணம் வந்தால் சொல்லுங்கள் என்று நடத்துநரிடம் மூன்று முறை கேட்டுக்கொண்டேன். மூன்று முறையும் தலையாட்டினார். பிறகு நாவலைப் பிரித்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி அட்டையிலிருந்த ரத்தப் பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். நான் தலை நிமிர்ந்தபோது பேருந்து புதுச்சேரி எல்லையிலுள்ள கீழ்புத்துப்பட்டில் நின்றிருந்தது.

"மரக்காணம் போயி அரை மணி நேரம் ஆவுதும்மா" என்றார் நடத்துநர். "நீங்க புக்குல இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்." வாசிப்புக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் நடத்துநரைக் கொங்கு நாட்டில் நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தது ஷேர் ஆட்டோவில். ஓட்டுநரையும் சேர்த்துப் பத்துப் பேர், இரண்டு ஐஸ் பெட்டி. மடியில் நாவல், அதன் மேல் யாருடைய மீன்கூடையோ. இறங்கும்போது கடிகாரக்காரருக்கு மத்தி வாசனை வந்துவிட்டது.

தங்கிய அறை ஹார்டுவேர் கடைக்கு மாடி. குழாயைத் திறந்தால் உவர்ப்புத் தண்ணீர். சோப்பு எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை. கோவைக்காரர்கள் எங்கே போனாலும் முதல் அரைமணி நேரத்தில் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுவோம். இங்கே கேட்பதற்கு ஆள் இல்லாததால் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். இந்த ஊர்க் கொசு 'வாருங்கள்' என்று யாரும் அழைக்கக் காத்திருப்பதில்லை.

சாப்பாட்டில் மட்டும் கோவைப் பெருமையை மூட்டைகட்ட வேண்டியதாயிற்று. எங்கள் ஊருக்கு மீன் வந்து சேரும்போது அது இரண்டு மாவட்டம் சுற்றிப் பார்த்திருக்கும். இங்கே மெஸ்ஸில் வைத்த சுறாப்புட்டைத் தின்றதும், இத்தனை வருடம் நான் மீன் என்று தின்றது வேறு ஏதோ என்று புரிந்தது.

மெஸ்ஸுக்கு எதிரில் பஷீர் பாயின் டீக்கடை. பதினெட்டு வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் யாரைத் தேடினாலும் அவரிடம் கேட்டால் போதும் என்றார்கள்.

"பாய், இங்க கலைச்செல்வின்னு ஒருத்தங்க…"

"எந்த கலைச்செல்விங்க? ஐஸ் கம்பெனி கலைச்செல்வியா, தையக்கடை கலைச்செல்வியா, எலெக்‌ஷன்ல நின்னு தோத்த கலைச்செல்வியா?"

"வெளியூர் காலேஜ்ல படிக்கப் போய், பாதியில திரும்பி வந்தவங்க."

"அட, காலேஜ் செல்வி. அப்படிச் சொல்லுங்க." டீயை ஆற்றி வைத்தார். "உப்பளத்துல மேஸ்திரியா இருக்குது. காலைல அஞ்சு மணிக்கே போயிடும். நீங்க யாரு, சென்சஸா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கல்லூரியில் இருந்தது மொத்தம் நான்கு மாதம். பட்டம் வாங்கிய என்னை யாரும் 'காலேஜ் ராஜி' என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு முப்பத்தோரு வருடமாக அதுதான் பெயர்.

மறுநாள் காலை ஆறரைக்கு உப்பளத்துக்குப் போனேன். படத்தில் பார்த்தால் அழகுதான். வெள்ளைக் குவியல்கள், நடுவில் வானம் தெரியும் பாத்திகள். ரிசார்ட்டில் தங்கிய ஒரு ஜோடி தண்டவாளம்போல நீண்ட வரப்பில் நின்று கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. புகைப்படக்காரர் உப்பு வாரும் பெண்களிடம், "அக்கா, கொஞ்சம் ஃப்ரேம விட்டுத் தள்ளுங்க" என்றார். அக்காக்கள் தள்ளவில்லை.

நேரில் நின்றால் முதலில் கண் கூசுகிறது, பிறகு எரிகிறது. பெண்கள் பாத்திக்குள் இறங்கி, நீளக் கழியில் பொருத்திய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவிக்கிறார்கள். இன்னும் சிலர் கூடையில் அள்ளித் தலையில் தூக்கிப்போய்க் கொட்டுகிறார்கள். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. காலில் கிழிந்த சாக்ஸ். சாக்ஸ் இல்லாத கால்களைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் துண்டு கட்டி, வரப்பின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தவள்தான் செல்வி. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கல்லூரியில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. ஆனாலும் தெரிந்தது.

"கலைச்செல்விங்களா?"

"ஆமா. யாரு?"

"நான் ராஜி. ஹாஸ்டல்ல ரூம் இருபது."

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. "வேலை நடக்குது. அங்க நெழல்ல குந்துங்க" என்று தார்ப்பாய்க் கொட்டகையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணி நேரம் குந்தினேன். என் அறை வாசலில் பிள்ளைகளைக் காக்க வைப்பது எனக்கு வழக்கம். யோசிக்க நேரம் கிடைக்கும் என்று அதற்கொரு தத்துவம் வைத்திருக்கிறேன். ஒன்றும் கிடைக்காது, முதுகுதான் வலிக்கும் என்று இப்போது தெரிகிறது.

பத்து மணிக்குப் பெண்கள் தூக்குவாளிகளோடு கொட்டகைக்கு வந்தார்கள். செல்வி என்னை அவர்களிடமிருந்து தள்ளி ஒரு ஓரத்தில் உட்கார வைத்து, எனக்கும் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் ஊற்றி, சுட்ட கருவாட்டுத் துண்டை மேலே வைத்துக் கொடுத்தாள். "சொல்லுங்க, இன்னா விஷயம்?"

இப்போது பள்ளியில் டீச்சர் என்று தொடங்கி, ரயிலில் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். செய்தது என்ன, ஏன் தவறு. மூன்று பத்தி. போர்வையைச் சொன்னேன், சர்பத்தைச் சொன்னேன், கதவைத் தட்டியதைச் சொன்னேன். 'அறியாப் பருவம்' என்ற சொல்லை இரண்டு முறை பயன்படுத்தினேன். பத்தொன்பது, இருபது வயது அறியாப் பருவமா என்று பிள்ளைகளில் எவராவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். இன்னொரு விஷயமும் உண்டு. அதை நான் சொல்லவில்லை. அதற்கு மூன்று பத்தியில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"ம்."

"அது இன்னா கதை?"

"எது?"

"நீங்க போட்ட வேஷம். கையில கடிகாரம் வெச்சிக்கினு, வாயில ரத்தத்தோட. சினிமாவுல வர்ற பேய் மாரியும் இல்ல, எங்க ஊரு பேய் மாரியும் இல்ல. யாரு அது? நான் பாத்து பயந்த ஆளு யாருன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

பையிலிருந்து நாவலை எடுத்தேன். வாங்கி, கையில் எடை பார்த்தாள். "செங்கல்லு மாரி இருக்குது." கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தைக் கண்ணருகே கொண்டு போனாள். இரண்டு விழிகளிலும் பாலாடை படர்ந்ததுபோல இருந்தது. "புரை. உப்பு வெளிச்சம். போர்டு எழுத்துதான் தெரியும். நீங்களே வாசிங்க."

"இப்பவா?"

"டீச்சர்தான நீங்க?"

அப்படித்தான் மரக்காணம் உப்பளத்தில், கொளுத்தும் வெயிலில், பனி கொட்டும் மலையூரை நான் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். கூழ் குடித்துக்கொண்டே ஒன்பது பெண்கள் எங்கள் பக்கம் நகர்ந்து வந்து கேட்டார்கள். முதல் ஆள் சாவதற்குள் விமர்சனம் தொடங்கிவிட்டது.

"அவ்ளோ ஒசரக் கோபுரத்துல ஒருத்தன் தனியா இருக்கறான்" என்றார் அறுபது வயதுக் கோவிந்தம்மாள். "யாரு பெருக்கறது?"

"அது கதையில இல்லைங்க."

"அப்ப குப்பையாத்தான் கெடக்கும். அதான் பகல்ல யாரையும் உள்ள விடல."

வாருங்கள் என்று அழைத்தால்தான் நுழைவான் என்ற இடம் வந்ததும் தேவி என்கிற இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கூட்ல யாரும் வாங்கன்னு சொல்லல. எங்க மாமனாரு ஊட்டு ஆளுங்க பதினோரு பேரு உக்காந்துனு இருக்காங்க. அதுங்கள எந்தக் கதையில எழுதறது?"

வெயில் பட்டால் அவன் எரிந்துவிடுவான் என்று படித்தேன். கோவிந்தம்மாள் பெருமூச்சு விட்டார். "இதுக்குப் போயி அந்த ஊரே பயந்துச்சா? ஒரு நாளு இங்க வந்து கூடை தூக்கச் சொல்லு. தானா போயிடுவான்."

பெரிய பத்திரிகைகளில் புத்தக மதிப்புரை எழுதுகிறவர்களை நான் படித்திருக்கிறேன். ஒருவரும் மணிக்கூண்டை யார் பெருக்குவது என்று கேட்டதில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மன்னிப்புப் பயணம் நல்லபடியாகப் போகிறது என்ற நிம்மதிகூட வந்துவிட்டது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சைக்குப் பாடம் கேட்பவள்போல உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவர்களே எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். அங்கங்கே தாண்டித் தாண்டி வாசித்து முந்நூறாம் பக்கத்துக்கு வந்தேன். அடுத்து வருவது அந்த அத்தியாயம். ஏழைப் பெண்ணொருத்தி தங்கியிருக்கும் விடுதி, கதவைத் தட்டும் கடிகாரக்காரர். கையெழுத்து இருந்த பக்கத்தையும் சேர்த்து மெல்லத் திருப்பினேன்.

"கொத்தா திருப்பினீங்க" என்றாள் செல்வி. "கண்ணுதான் புரை. காது நல்லா இருக்குது."

திரும்பி வந்து வாசித்தேன். அந்தப் பெண்ணுக்கு, வீட்டுக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்தக்கூடாது என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதனால் 'வாருங்கள்' என்கிறாள். நேற்றுவரை எல்லா அத்தியாயத்திலும் ஏதாவது சொன்ன கோவிந்தம்மாள் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"நானும் வாங்கக்கான்னுதான் சொன்னேன்" என்றாள் செல்வி.

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அதுவரை அவர்களுக்கு நான் கதை வாசிக்க வந்த டீச்சர். நான் எந்த அக்கா என்று அப்போதுதான் புரிந்தது. தேவி தன் தூக்குவாளியை என் பக்கத்திலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் செல்வி. "போர்வை வெளையாட்டு, சரி. கையி ஒடைஞ்சிது, கட்டுப் போட்டா சேந்துடும். நான் திரும்பி வந்து படிச்சிருப்பேன். ஆனா எனக்குப் பேய் புடிச்சிருக்குதுன்னு வார்டன் அம்மா எங்கப்பாகிட்ட சொன்னாங்க. தனியா பேசறேன், ராத்திரியில ஆடறேன்னு. அத அவங்ககிட்ட யாரு சொன்னது?"

நான் மூன்று பத்தியில் சேர்க்காதது இதுதான். மாடிப்படி விபத்துக்கு விசாரணை வரும், நான்கு பேரையும் வெளியேற்றுவார்கள் என்று பயந்துபோய், மறுநாள் காலையில் வார்டன் அறைக்குப் போனவள் ஒருத்தி. அந்தப் பெண்ணுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான் மேடம் என்று கண்ணீரோடு சொன்னவள் அவள்தான்.

நான்கு பேரில் சாந்தி இறந்து ஆறு வருடமாகிறது. அவள் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் வந்தது. சாந்தி என்று சொன்னால் முடிந்துவிடும், செல்வி யாரைப் போய்க் கேட்கப் போகிறாள்?

"நான்தான்" என்றேன்.

செல்வி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். திரும்பக் கட்டிக்கொண்டு, யாரிடமோ வேலைக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு வருடம் அப்பா அவளைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போயிருக்கிறார். உடுக்கை அடித்தார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். மிளகாய்ப் புகை போட்டார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் வாசலோடு திரும்பினார்கள். கடைசியில் உப்பளத்துக்காரர் வீட்டில் சம்மதித்தார்கள். உப்புத் தண்ணீரில் நின்றால் பேய் இறங்கிவிடும் என்று மாமியார் சொன்னாராம். கல்யாணமான மூன்றாம் நாள் பாத்தியில் இறக்கிவிட்டார்கள்.

"அப்ப எறங்குனது" என்றாள். "சாய்ந்தரம் ஊட்டுக்கு வாங்க. எங்க அத்தைகிட்ட சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"இப்ப சொன்னத."

நான்கு மணிக்குப் போனேன். நீலச் சுண்ணாம்பு அடித்த தொகுப்பு வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார் அஞ்சலை உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எண்பதை ஒட்டிய வயது. "அத்தைக்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள் செல்வி.

"பாட்டி, நான் செல்வியோட காலேஜ்ல படிச்சேன்."

"ஆங்?"

"காலேஜ்ல படிச்சேன்."

"பால் பாக்கெட்டா? காலையிலயே வாங்கியாச்சு."

காலைக் கூட்டத்தில் ஆயிரத்தைந்நூறு பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்கும் குரல் என்னுடையது. அதை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. "செல்விக்குப் பேய் புடிக்கல. நான் பொய் சொன்னேன்."

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சத்தம் குறைந்தது. அஞ்சலை நெத்திலியைக் கீழே வைத்தார். "யாரு பொய் சொன்னது?"

"நான்."

"எப்ப?"

"முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி. காலேஜ்ல. நாங்க பேய் வேஷம் போட்டுப் பயமுறுத்தினோம். மாட்டிக்கக் கூடாதுன்னு அவளுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு நான் சொன்னேன். எல்லாம் பொய்."

தெருவே வந்துவிட்டது. கோவிந்தம்மாளும் தேவியும் முன்வரிசை. பின்னால் வந்த யாரோ, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. அழுகையா, தொண்டை கட்டியதா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அறியாப் பருவம் என்ற சொல் ஒரு முறையும் வரவில்லை. அதை அந்த மாதிரி கத்திச் சொல்ல முடியாது.

அஞ்சலை என்னை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"பேயே புடிக்கலியா உனக்கு?"

"இல்ல அத்தை."

"அப்ப எம்புள்ளைய அடிச்சது யாரு?"

செல்வியின் கணவர் இறந்து சில வருடமாகிறது என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

"குடிச்சிட்டு வந்து உன்ன இஸ்துப் போட்டு அடிச்சான். நீ தலைய விரிச்சிக்கினு, வேற கொரல்ல கத்திக்கினு, வெறகுக்கட்டைய எடுத்து அவன சாத்தின. மூணு வாட்டி. ஊரே பேயின்னு ஒதுங்கி நின்னுச்சு. அது யாரு?"

செல்வி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "நான்தான் அத்தை."

கிழவி வெடித்து அழப் போகிறார், அல்லது நெத்திலித் தட்டு பறக்கப் போகிறது என்று நான் ஒதுங்கினேன். அவர் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மீனை ஆய்ந்தார். இன்னொன்றை ஆய்ந்தார்.

"மூணாவது வாட்டிக்கு அப்புறம் அவன் உம்மேல கையே வெக்கல" என்றார். "அந்தப் பேய்க்குத்தான் நான் வருசா வருசம் பொங்க வெச்சேன்."

"தெரியும் அத்தை."

"எங்கூட்டுக்காரரு காலத்துல எனக்கு ஒரு பேயும் புடிக்கல." இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மீனைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னும் இன்னாத்துக்கு நிக்கற? குந்து. ஊட்டுக்கு வந்தவங்களுக்கு டீ கூட தராம அனுப்பினாங்கன்னு அதையும் போயி எங்கனா சொல்லுவ."

டீ குடித்தேன். உவர்ப்புத் தண்ணீர் டீ. சிறுவாணியைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் காலை பேருந்து ஏறுவதற்கு முன் உப்பளத்துக்குப் போனேன். செல்வி வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். "வேணாம், ஊட்ல எடம் அடைக்கும்" என்றாள். என் போன் நம்பரை மட்டும் தேவியின் செல்பேசியில் பதிந்துகொள்ளச் சொன்னாள்.

"மன்னிப்புக் கேட்டீங்க" என்றாள். "கேட்டது கேட்டாச்சு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல, அத ஞாபகம் வெச்சிக்கோங்க."

வைத்துக்கொள்கிறேன் என்றேன். பேருந்து நிறுத்தம்வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்திருந்தாலும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டாள், அவளுக்கு வேலை இருந்தது.

கோவை வந்து ஒரு மாதம் ஆனபிறகு தேவியின் எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் காற்று, பெண்களின் பேச்சு, நடுவில் செல்வியின் குரல். "அந்த கடிகாரக்காரன் கடைசில செத்தானா, இல்லியா? கோவிந்தம்மா கேக்குது."

நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தை மறுபடி படித்துப் பார்த்துவிட்டுப் பதில் பதிந்தேன். "சாகலை. ஊர் காலியானதும் வேற ஊருக்குப் போயிடறான். அங்க எல்லாரும் அவனை ரொம்ப நல்லவன்னு சொல்றாங்க. சார், சார்னு மரியாதையா கூப்பிடறாங்க. அதோட கதை முடியுது."

இரண்டு நீல டிக் விழுந்தது. மாலையில் மூன்று வினாடிக் குரல் செய்தி ஒன்று வந்திருந்தது.

"நெனச்சேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.